பல்லைத் தாங்கி நிற்பது எது? ஈறு, நார், எலும்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பல் மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களுக்குச் சொத்தைப் பல்லைப் பற்றி நன்றாகத் தெரியும். கறுப்பாக ஓட்டை தெரியும், வலிக்கும், ராத்திரி தூங்க விடாது. அதனால் தெரிகிறது. ஆனால் ஒரு சொத்தைகூட இல்லாமல் ஐம்பது வயதில் வரிசையாகப் பல் ஆடினால் திகைத்துவிடுகிறார்கள். "பல்லு நல்லாத்தானே இருக்கு சார், பெறகு ஏன் ஆடுது?" என்று கேட்காத ஆள் இல்லை. பல் நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பவைதான் போய்விட்டன. அம்பாசமுத்திரம், வள்ளியூர், தென்காசிப் பக்கமிருந்தெல்லாம் வருகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பல் எலும்புக்குள் ஆணி அடித்த மாதிரிதானே நிற்கிறது?

பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் பல்லின் வேர் எலும்பைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. இரண்டு மூன்று தலைமுடியைச் சேர்த்து வைத்தால் வருகிற அகலம், அவ்வளவுதான். அந்த இடம் முழுக்க நார்கள். ஒரு முனை வேரில் புதைந்திருக்கும், மறு முனை எலும்பில் புதைந்திருக்கும். பல் அந்த நார்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நம் பக்கத்துப் பனைநார்க் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படுத்ததும் உங்கள் எடை நேராகச் சட்டத்தில் இறங்குவதில்லை. நார் விறைத்து நாலு பக்கச் சட்டத்தையும் உள்ளே இழுக்கிறது. பல்லிலும் அதே வேலைதான். முறுக்கைக் கடிக்கும்போது பல் ஒரு நூலிழை அளவு குழிக்குள் அமிழ்கிறது. சாய்வாகக் கட்டியிருக்கும் நார்கள் இறுகி, எலும்பை இழுக்கின்றன. கடிக்கும் அழுத்தம் இழுவையாக மாறிவிடுகிறது. எலும்பைத் தொடர்ந்து அழுத்தினால் அது கரையும், இழுத்தால் அது வளரும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் தினமும் மூன்று வேளை மெல்லும் வேலையிலேயே தாடை எலும்பு தேய்ந்துபோயிருக்கும்.

நார்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதில்லை. விளிம்பில் உள்ளவை பல் மேலே எழும்பாமல் பிடிக்கும், குறுக்கே உள்ளவை பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும், வேர் நுனியில் ஒரு கூட்டம், பல வேர் உள்ள கடைவாய்ப் பல்லில் வேர்களுக்கு நடுவே ஒரு கூட்டம். சாய்வு நார்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். நார்முனைகள் எலும்பிலும் வேரிலும் புதைந்திருக்கும் பகுதிக்கு ஷார்ப்பி இழைகள் என்று பெயர். 19-ம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து உடற்கூற்றியலாளர் வில்லியம் ஷார்ப்பியின் பெயர் அது.

ஆக, பல்லைத் தாங்குபவை நான்கு: வெளியே தெரியும் ஈறு, உள்ளே இருக்கும் இந்த நார்த்திசு, வேரின் மேல் பூசினாற்போல் இருக்கும் சிமென்டம், பிறகு பல்குழி எலும்பு. நான்குக்கும் சேர்த்து பெரியோடான்டியம் என்று பாடத்தில் பெயர். எலும்பு கெட்டால் நார் பிடிக்க இடமில்லை, நார் போனால் எலும்புக்கு வேலையில்லை.

என் ஈறு கறுப்பாக இருக்கிறது. அது நோயா?

இல்லை. நம் தோலுக்கு நிறம் தருகிற மெலனின்தான் ஈறுக்கும் நிறம் தருகிறது. நம் ஊரில் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக ஈறு இருப்பது சாதாரணம். விளம்பரத்தில் வருகிற ரோஸ் நிற ஈறைப் பார்த்துக் கவலைப்பட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், மாற்றத்தைப் பாருங்கள். இறுக்கமாக, பல்லைக் கவ்வி, இரண்டு பல்லுக்கு நடுவே கூராக முடிந்தால் நல்ல ஈறு. அது உப்பி, மினுமினுப்பாகி, தொட்டால் ரத்தம் வந்தால் கோளாறு. முன்பு இல்லாத ஒரு கறுப்புப் புள்ளி புதிதாக வந்து பெரிதாகிறது என்றால் மட்டும் உடனே காட்டுங்கள்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஏதோ குச்சியை விட்டு அளந்து பார்க்கிறீர்களே, அது எதற்கு?

ஈறின் ஓரம் பல்லோடு ஒட்டியிருப்பதில்லை. சட்டைக் காலர் மாதிரி சும்மா சுற்றி நிற்கிறது. அதன் உள்ளே எல்லோருக்குமே ஒரு சிறு பள்ளம் உண்டு. 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் சரி. பள்ளத்தின் அடியில்தான் ஈறு பல்லோடு ஒட்டுகிறது. அந்த ஒட்டு மிக மெல்லிய செல் அடுக்கு, சில நாட்களுக்கு ஒருமுறை தன்னையே புதுப்பித்துக்கொள்கிறது. வாய்க்குள் இருக்கும் கிருமிக் கூட்டத்துக்கும் உடம்பின் உட்பகுதிக்கும் நடுவே இருக்கிற கதவு அதுதான்.

குச்சி 4 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் கதவு பின்வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆழத்துக்கு உங்கள் பிரஷ் போகாது. 6, 7 என்று இறங்கும் வாய்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஏனென்றால் அவர்களில் பலருக்கு வலி என்று ஒன்று வந்ததே இல்லை.

ஒட்டும் பகுதியும் அதன் கீழே உள்ள நாருமாகச் சேர்ந்து எலும்புக்கு மேலே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடம் உடம்புக்குத் தேவை. கேப் போடும்போது அதன் ஓரத்தை அந்த இடத்துக்குள் புதைத்துவிட்டால் ஈறு எப்போதும் சிவந்தே கிடக்கும். கேப் போட்ட பல்லைச் சுற்றி மட்டும் மாதக்கணக்கில் ரத்தம் வந்தால் இதைக் கேளுங்கள்.

சோற்றில் ஒரு சின்னக் கல் கடிபட்டாலும் உடனே தெரிகிறதே, பல்லுக்கு உணர்ச்சி உண்டா?

கல்லைக் கண்டுபிடிப்பது அந்த நார்கள்தான். நார்களுக்கு நடுவே நரம்பு முனைகள் நிறைய இருக்கின்றன. எந்தப் பல்லில், எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்தம் என்பதை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒரு தலைமுடி கடிபட்டால்கூடத் தெரிவது அதனால்தான். கல் கடிபட்டதும் நீங்கள் யோசிப்பதற்கு முன்பே வாய் தானாகத் திறந்துகொள்கிறது. வேர் சிகிச்சை செய்து உள்ளே இருக்கும் நரம்பை எடுத்துவிட்ட பல்லிலும் இந்த உணர்வு அப்படியே இருக்கும், ஏனென்றால் நார் வெளியே இருக்கிறது.

இம்பிளான்ட் போட்டவர்களுக்கு இது குறைவு. டைட்டானியம் திருகு நேராக எலும்போடு சேர்ந்துவிடுகிறது, நடுவே நார் கிடையாது. நன்றாக மெல்லலாம். ஆனாலும் முதலில் சில மாதம், எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பது தெரியவில்லை என்பார்கள்.

பல் துலக்கினால் ரத்தம் வருகிறது. அந்த இடத்தைத் தொடாமல் விடலாமா?

விடக் கூடாது. நான் பார்க்கும் தவறுகளிலேயே இதுதான் பெரியது. ரத்தம் வருகிறது, எனவே அங்கே பிரஷ் போடுவதில்லை. போடாததால் பல்லில் கிருமிப் படலம் சேர்கிறது. சேர்வதால் வீக்கம் கூடுகிறது. இன்னும் ரத்தம்.

1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் ஹரால்ட் லோவும் அவர் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லோருக்கும் சரியாயிற்று. மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. ஈறு வீக்கத்துக்குக் காரணம் பல்லில் படியும் அந்த வெண்படலம்தான் என்பது அன்றைக்கு ஐயமில்லாமல் தெரிந்தது.

ஆகவே மென்மையான பிரஷை எடுத்து, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, மெதுவாக அதே இடத்தில்தான் துலக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் ரத்தம் குறையும். குறையவில்லை என்றால் உள்ளே காரை, அதாவது கல்லாக இறுகின படலம், படிந்திருக்கிறது, அதைப் பிரஷால் எடுக்க முடியாது.

இன்னொன்று. ஈறு மட்டும் வீங்கியிருக்கும் கட்டம் முழுவதும் திரும்பக்கூடியது. எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் கரைந்தது தானாகத் திரும்பி வராது, அதற்கு மேல் கரையாமல் நிறுத்தலாம். இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவே மணி எதுவும் அடிப்பதில்லை. துப்பும்போது எச்சிலில் தெரியும் அந்தச் சிவப்புதான் உங்களுக்குக் கிடைக்கிற தகவல்.

பல் கிளீனிங் பண்ணினால் பல் ஆடும் என்கிறார்களே?

வாரத்துக்கு நான்கு பேராவது கேட்கிறார்கள். "எங்க ஆச்சிக்கு கிளீனிங் பண்ணின பெறகுதான் பல்லெல்லாம் ஆடிச்சு" என்று சாட்சியோடு வருவார்கள். ஆச்சி பொய் சொல்லவில்லை. நடந்ததைப் பார்த்திருக்கிறார்கள், காரணம் மட்டும் மாறிவிட்டது.

பல வருடம் காரை படிந்த வாயில், கீழ் முன்பற்களின் பின்பக்கம் கல் மாதிரி ஒரு சுவரே கட்டியிருக்கும். எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்தப் படலத்தில் இறங்கி இறுகினதுதான் அது. அதன் அடியில் எலும்பு எப்போதோ கரைந்து போயிருக்கும். பல் விழாமல் நிற்பது அந்தக் காரை எல்லாப் பல்லையும் ஒன்றாக ஒட்டி வைத்திருப்பதால். காரையை எடுத்தால் ஏற்கனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு சுருங்குவதால் பல்லுக்கு நடுவே இடைவெளியும் தெரிகிறது, சில நாள் கூச்சமும் இருக்கும். அதற்காகக் காரையை விட்டுவைத்தால் மீதி எலும்பும் போகும்.

கறையான் அரித்த உத்திரத்துக்குச் சுற்றிலும் கறையான் புற்றே முட்டுக்கொடுத்து நிற்கிறது என்று வையுங்கள். புற்றைத் தட்டினால் உத்திரம் ஆடும். யாரும் புற்றைக் காப்பாற்ற மாட்டார்கள், இல்லையா? கிளீனிங் கருவி அதிர்கிற முனையும் தண்ணீருமாகக் காரையை உடைக்கிறது. எனாமலைச் சுரண்டி எடுத்துவிடும் என்ற பயமும் வேண்டாம்.

ஈறு இறங்கின இடத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஏன் கூசுகிறது?

பல்லின் மேற்பகுதிக்கு எனாமல் கவசம். வேருக்குச் சிமென்டம்தான் கவசம், அது எலும்பைவிட மென்மை. ஈறு அருகே 16 முதல் 60 மைக்ரோமீட்டர் தடிமன்தான், வேர் நுனிப் பக்கம் 150-200 வரை போகும். அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. ஆனால் வாழ்நாள் முழுவதும் மெல்ல மெல்லப் படிந்துகொண்டே இருக்கும், நார்கள் அதில் புதுசு புதுசாக ஊன்றிக்கொள்ளும்.

ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தால் இந்த மெல்லிய பூச்சு பிரஷிலேயே தேய்ந்துவிடும். அதன் கீழே உள்ள டென்டின் என்ற பல்லின் உட்பகுதியில் நுண்குழாய்கள் திறந்துகொள்கின்றன. ஐஸ் போட்ட பதநீர் பட்டால் சுரீர் என்பது அதனால். கூச்சத்துக்கான பேஸ்ட் உதவும். அதைவிட முக்கியம், எது ஈறை இறக்கியது என்று பார்ப்பது. முரட்டு பிரஷை வைத்துக் கட்டை தேய்ப்பதுபோலத் தேய்க்கிறவர்கள் நிறையப் பேர்.

பல் போனால் கன்னம் ஒட்டிப்போவது ஏன்?

பல்குழி எலும்பு பல்லுக்காகவே இருப்பது. பல் முளைக்கும்போது அதோடு வளர்ந்து, பல் போனதும் கரையத் தொடங்கும். முதல் வருடத்தில்தான் வேகம் அதிகம். எல்லாப் பல்லும் போன வயதானவர்களுக்குத் தாடையின் உயரமே குறைந்து, மூக்கும் மோவாயும் நெருங்கிவிடுகின்றன. பொக்கை வாயில் பல்செட் நிற்காமல் வழுக்குவதும் அதனால்தான், அது உட்கார மேடு இல்லை.

நம் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் தாழிகளில் மனித எலும்புகள் கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட பழைய மண்டையோடுகளைப் பார்க்கும் ஆய்வாளர்கள் பல்குழியைக் கூர்ந்து பார்ப்பார்கள். குழியின் விளிம்பு கூராக, காலியாக இருந்தால் அந்தப் பல் இறந்த பிறகு உதிர்ந்தது. நார் மக்கிவிடுகிறது, ஒற்றை வேர் உள்ள முன்பல்லைப் பிடிக்க எதுவும் இல்லை, உதிர்ந்துவிடுகிறது. குழி மூடி, எலும்பு வழவழவென்று ஆகியிருந்தால் உயிரோடு இருக்கும்போதே பல் போயிருக்கிறது. எனக்கு மாணவனாக இருந்தபோது இந்தப் பாடம்தான் மனதில் நின்றது. பல்லைப் பிடித்திருப்பது உயிருள்ள நார் என்பது அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

வெற்றிலை, புகையிலை, பீடி: இவை ஈறை என்ன செய்யும்?

முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கமெல்லாம் பீடி எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதை மதித்தே சொல்கிறேன்: புகைப்பவர்களுக்கு ஈறு நோய் அதிகமாக வரும், வேகமாக முற்றும், சிகிச்சைக்குக் குறைவாகவே கேட்கும். மோசமான விஷயம் என்னவென்றால் புகை ஈறின் ரத்த நாளங்களைச் சுருக்குகிறது. ரத்தம் வருவது குறைகிறது. முன்னே சொன்ன அந்த ஒரே தகவலும் கிடைக்காமல் போகிறது. "எனக்கு ரத்தமே வராது சார்" என்று ஓர் அண்ணாச்சி சொல்லும்போது, அளக்கும் குச்சி 7 மில்லிமீட்டர் இறங்கும்.

புகையிலையை ஒரே இடத்தில் ஒதுக்கி வைப்பவர்களுக்கு அந்த இடத்தில் ஈறு இறங்கியிருக்கும். சுண்ணாம்பு தடவிப் போடும் வெற்றிலையில் காரையும் கறையும் கூடும். பாக்கு வேறு கதை. அது வாய்த் தோலை இறுக்கி, நாளாக நாளாக வாய் திறக்க முடியாமல் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. கல்யாண வீட்டில் ஒரு வெற்றிலைக்கு நான் எதுவும் சொல்வதில்லை. தினமும் மடியில் கட்டிக்கொண்டு மெல்வதைத்தான் சொல்கிறேன்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றார்களே, குச்சியிலேயே துலக்கலாமா?

வேல் என்றதும் பலர் வேப்பமரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது வேலமரம். சாலையோரமெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் இல்லை. அது பிற்காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆலிலும் வேலிலும் இருக்கும் துவர்ப்பு ஈறைச் சற்று இறுக்கும், நுனியை நன்றாக மென்று தூரிகையாக்கினால் படலமும் போகும். ஆனால் பின்பற்களின் உட்பக்கத்துக்குக் குச்சி எட்டாது. பிரஷோடு கூட வைத்துக்கொள்ளுங்கள்.

உமிக்கரியும் செங்கல் பொடியும் வேண்டாம். கல்லால் தேய்ப்பதற்குச் சமம்.

சர்க்கரை இருக்கிறது. ஈறுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு பக்கமும் சம்பந்தம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறில் ஓயாத அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதச் சராசரி சர்க்கரை சற்றுக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடிக்கடி ஈறில் சீழ்க்கட்டி வருகிறது என்று வந்து, ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இருப்பது முதல்முறையாகத் தெரிந்தவர்களும் உண்டு. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். கிளீனிங் செய்துகொள்ளலாம், பயமில்லை.

கிளிப் போட்டால் எலும்புக்குள் பல் எப்படி நகர்கிறது?

நார்தான் நகர்த்துகிறது. கம்பி ஒரு பக்கம் மெதுவாகத் தள்ளும்போது அந்தப் பக்கத்து நார் நசுங்கி, எலும்பு கரைகிறது. எதிர்ப் பக்கத்து நார் இழுபட்டு, புது எலும்பு படிகிறது. பல் தன் குழியையே தூக்கிக்கொண்டு நடக்கிறது என்று சொல்லலாம். நார்கள் புது இடத்தில் பழக மாதங்கள் ஆகும். கம்பியைக் கழற்றினதும், பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரிடெய்னரைப் போடாத பிள்ளைகளுக்குப் பல் பழைய இடத்துக்கே திரும்புவது அதனால்தான்.

குற்றாலத்தில் பாறையில் வழுக்கி விழுந்து பையனுக்கு முன்பல் முழுசாக வந்துவிட்டது. மறுபடி வைக்க முடியுமா?

நிலைத்த பல் என்றால் முடியும், நேரம்தான் முக்கியம். வேரில் ஒட்டியிருக்கும் நாரின் செல்கள் உயிரோடு இருந்தால் பல் மறுபடி பிடிக்கும். பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்கவே தேய்க்காதீர்கள். மண் இருந்தால் சில வினாடி பாலிலோ தண்ணீரிலோ அலசி, அந்தக் குழியிலேயே வைத்து, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்து வாருங்கள். டீக்கடையில் காய்ச்சாத பால் ஒரு டம்ளர் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். கைக்குட்டையில் மடித்து வருவதுதான் பெரிய தவறு. அரை மணி நேரத்துக்குள் வந்தால் நல்லது. ஒரு மணி நேரம் காய்ந்துவிட்டால் நார் இறந்துவிடும், பிறகு வேர் எலும்போடு ஒட்டி மெல்லக் கரையும்.

பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்கக் கூடாது, கீழே உள்ள புதுப் பல்லுக்கு அடிபடும். ஆனாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தானாக ஆடி விழும் பால் பல் என்றால் கவலையே இல்லை, சாணத்தில் வைத்துக் கூரையில் எறியலாம்.

பல் ஆட ஆரம்பித்துவிட்டது. பிடுங்கித்தான் ஆக வேண்டுமா?

ஆடுகிற எல்லாப் பல்லையும் எடுக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் அளவு ஆடும் பல், வேர்களைச் சுத்தம் செய்து, கடி சரிசெய்தபின் பெரும்பாலும் இறுகும். ஆழம் அதிகமானால் ஈறைச் சற்றுத் திறந்து உள்ளே சுத்தம் செய்வோம். எலும்பு குறுகிய குழியாகக் கரைந்திருந்தால் எலும்புத் துகளும் சவ்வும் வைத்துக் கொஞ்சம் வளர்க்க முடியும். வரிசை முழுக்க மட்டமாகக் கரைந்திருந்தால் அந்த வைத்தியம் அவ்வளவாகப் பலிக்காது, இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை. விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாகவே அமுங்கும் பல்லைத்தான் பெரும்பாலும் எடுக்கச் சொல்வேன்.

சிகிச்சை முடிந்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்க வர வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது, இங்கே பாளையங்கோட்டையில் உள்ள ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கும் போகலாம். எங்கே போனாலும் பழைய எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள். எலும்பு அதே இடத்தில் நிற்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.